கதிரை பத்தும் ஒன்றாய் முடிய வேண்டுமா?

இடம்பெயர்ந்து ஊர் திரும்பியவருக்கு முதலில் வேண்டியது கூரை, அடுத்தது கதவு. 2009 இன் பிற்பகுதியிலிருந்து பூநகரிக்கு மீண்டு வந்த குடும்பங்களுக்கு இதனை நாம் சொல்லத் தேவையில்லை. நிலை, யன்னல் எதுவுமின்றிச் சுவர் மாத்திரம் எஞ்சிய வீடுகளுக்கு எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பின்னர் இந்திய வீட்டுத்திட்டம் போன்றவை வந்தபோதும் தச்சருக்கு ஓடர் குறைவில்லை. வீட்டு வேலை ஓய்ந்த பின் பட்டறைகள் கட்டில், அலுமாரி, கதிரை என்பவற்றை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. மழையை நம்பிய காலபோக நெல்லே பெரும் வருமானமாக உள்ள இடத்தில், கோடையில் கையில் காசு தரும் தொழில் இது. மொரட்டுவையில் செய்த தளபாடங்கள் லொறியில் வந்திறங்கும் காலத்தில், "இன்னும் இரண்டு கிழமை பொறுங்கோ அண்ணை" என்று எத்தனை முறை சொல்லமுடியும்?

தாமதத்துக்குக் காரணம் கை மெதுவாக ஓடுவது என்றே பலரும் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூவர் வேலைசெய்யும் பட்டறை. ஒருவர் மரம் அறுத்துச் சீவுகிறார். அடுத்தவர் துளையிட்டுப் பொருத்துகிறார். மூன்றாமவர் அரத்தாள் போட்டு மினுக்குகிறார். கணக்கு இலகுவாயிருக்க, ஒரு கதிரைக்கு ஒவ்வொருவருக்கும் 30 நிமிடம் என்போம். ஓடர் பத்துக் கதிரை. வழக்கப்படி பத்துக்கும் அறுத்து முடித்த பின்னரே பொருத்துபவரிடம் கொடுத்தால், முதற் கதிரை வெளிவர 10½ மணித்தியாலம். பத்தும் முடிய 15 மணித்தியாலம். ஒரு கதிரைக்கு அறுத்ததும் அதனை உடனே அடுத்தவரிடம் தள்ளிவிட்டால், முதற் கதிரை 1½ மணித்தியாலத்தில் முடியும். பத்தும் 6 மணித்தியாலத்தில் முடியும். இரண்டு முறையிலும் ஒவ்வொருவரும் உழைத்தது அதே 5 மணித்தியாலந்தான். எவரும் கையை வேகமாக அசைக்கவில்லை. மரம் காத்துக்கிடந்த நேரமே குறைந்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. காலில் போட்ட துளை அரை அங்குலம் விலகிவிட்டதென வைத்துக்கொள்வோம். பத்தையும் சேர்த்துச் செய்தால், பிழை தெரியவரும்போது நாற்பது கால்களும் பழுது. ஒன்றொன்றாகச் செய்தால் நான்கு கால்களோடு போகும். முதிரையின் இன்றைய விலை தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இம்முறையை 'லீன்' உற்பத்தி என்கின்றனர்; வீண்சதை இல்லாதது என்று பொருள் கொள்ளலாம். இப்பெயர் 1988 இல்தான் எழுத்தில் வந்தது. முறை வளர்ந்தது யப்பானின் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில். அதன் வேர் ஒரு தச்சர் வீட்டிலே இருப்பது நமக்கு உவப்பான செய்தி. 1867 இல் ஏழைத் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த சாக்கிச்சி டொயோடா, தகப்பனிடம் தொழில் பழகி, மரத்தால் தறி செய்தவர். 1924 இல் அவர் பூரணப்படுத்திய தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பிழையோடு ஓடுவதிலும் பார்க்க நிற்பதே மேல் என்ற எண்ணம் அங்கே தொடங்குகிறது. போருக்குப் பின் பணமுடையால் தத்தளித்து, 1950 இல் வங்கிகளின் தயவில் தப்பிய அந்நிறுவனத்துக்குப் பொருளைக் குவித்துவைக்க வசதியிருக்கவில்லை. தேவையானதைத் தேவையான நேரத்தில் மட்டும் செய்யும் ஒழுங்கை அங்கு வகுத்தவர் தைச்சி ஓனோ என்ற பொறியியலாளர்.

குவித்துவைக்கும் பழக்கத்துக்கு ஆதிகால விவசாயிகளையே ஓனோ காரணம் காட்டினார்! அதில் உண்மை உண்டு. நாம் வயலை முழுதும் வெட்டி, சூடு வைத்து, பிறகே அடித்தோம். வானம் இருண்டு வரும்போது நெல்லுக்கு அதுவே சரி. கதிரைக்கு அந்த அவசரம் இல்லை.

இது மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கத் தளபாட நிறுவனமான ஹேர்மன் மில்லர் 1996 இல் டொயோட்டாவிடமே இதனைக் கற்கத் தொடங்கியது. நிவாரண வரிசையில் நின்று பழகிய எம்மவருக்கு நியூயோர்க் நகரச் செய்தி ஒன்று இன்னும் நெருக்கமானது. அங்கு ஹார்லெம் பகுதி இலவச உணவுச்சாலையில் மக்களைப் பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுவது வழக்கம். டொயோட்டாவினர் வந்து, ஓர் ஆசனம் காலியானதும் ஒருவரை விடச் செய்தனர். இதுபோன்ற சிறு மாற்றங்களால் 90 நிமிடம் வரை நீண்ட காத்திருப்பு 18 நிமிடமாகியது என்று 2013 இல் செய்தி வந்தது. சமைத்தவர்கள் அதே ஆட்கள்தான்.

ஆயுதம் தேடும் நேரத்தையும் பார்க்க வேண்டும். உளி எங்கே, மூலைமட்டம் எங்கே என்று நாளுக்கு அரை மணித்தியாலம் போனால், 24 வேலைநாளில் 12 மணித்தியாலம். பலகையொன்றில் ஒவ்வோர் ஆயுதத்தின் உருவையும் கோடு கீறி, அதற்கு மேலே மாட்டினால் போதும். வெற்றிடம் தானே சொல்லும். கொழும்பு காசல் வீதி மகளிர் மருத்துவமனை இத்தகைய ஒழுங்குகளைப் பின்பற்றியே பெயரெடுத்தது. அவ்வனுபவத்தை முன்மாதிரியாகக் கொண்டு 2007 முதல் ஆபிரிக்க மருத்துவமனைகளுக்கும் பயிற்சி வழங்கப்பட்டது.

ஆயினும் அனைத்தையும் அப்படியே கொண்டுவர முடியாது. டொயோட்டாவுக்குப் பாகங்கள் மணிக்கணக்குப்படி வரும். நமக்கு மரம் ஏற்றவே அனுமதிப்பத்திரம் வேண்டும். மாரியில் அதுவும் சுணங்கும். பச்சை மரம் காயும் காலம் வீண் காலமல்ல. அதைக் குறைத்தால் கதவு கோணும். ஆகவே காய்ந்த பலகை ஓரளவு கைவசம் இருக்கத்தான் வேண்டும். குறைக்க வேண்டியது, அறுத்த பின் அரைகுறையாக மூலையில் கிடக்கும் மரத்தை. அதுவே வாடிக்கையாளர் தந்த முற்பணம்.

பட்டறை வைத்திருப்போருக்கு இன்னொன்று. மிச்சமான நேரத்தைக் காட்டி ஒரு தம்பியை வேலையிலிருந்து நிறுத்தினால், அடுத்த முறை பிழையைக் கண்டாலும் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் இன்னொரு ஓடர் எடுப்பதே புத்தி.

தொடங்குவதற்குச் செலவில்லை. கடைசியாகச் செய்த பத்து ஓடர்களுக்கும் முற்பணம் வாங்கிய திகதி, மரத்தில் வாள் வைத்த திகதி, பொருளை ஒப்படைத்த திகதி ஆகிய மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். உண்மையில் எத்தனை மணித்தியாலம் வேலை நடந்தது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்த பின், எந்த மூலையில் மரம் அதிக நாள் கிடந்தது என்று வேலைசெய்த பிள்ளைகளையே கேளுங்கள்.