ஜீப்பில் கைவைக்கும் முன்: ஆர்சி, பாலிசி, வாரன்டி

தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளை வாங்குகிறவர்களில் பலர் அவற்றை ஷோரூமிலிருந்து வந்த கோலத்திலேயே விட்டுவைப்பதில்லை. இரும்பு பம்பர், கூரையில் எல்இடி பார், பெரிய டயர், ஸ்நார்கெல், வின்ச் என்று ஒவ்வொன்றாக ஏறும். பாதி வேலை பட்டறையில் நடக்கும். மீதி, வீட்டு வாசலில் ஸ்பானரையும் ட்ரில்லையும் வைத்துக்கொண்டு. இப்படி ஏறும் ஒவ்வொரு பொருளும் மூன்று இடங்களில் தனித்தனியாகக் கணக்குச் சொல்ல வேண்டும்: ஆர்டிஓ தந்த பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் பாலிசி, கம்பெனி வாரன்டி. ஓரிடத்தில் தேறியது இன்னோரிடத்திலும் தேறும் என்று சொல்ல முடியாது. டீலரே பொருத்திக் கொடுத்த பம்பருக்கு நடுவழியில் அபராதம் விழுவதும், போலீஸ் கண்டுகொள்ளாத ஒயரிங் வேலையால் இன்சூரன்ஸ் பணம் நின்றுபோவதும் இதனால்தான்.

சட்டத்தின் நிலையை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு சொல்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்டு, பதிவுச் சான்றில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றும் அளவுக்கு அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தையே இந்தப் பிரிவு மாற்றம் என்று கொள்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்தது. கட்டமைப்பு மாற்றத்துக்கு மாநில விதி இடம் கொடுத்தாலும் 52-ஆம் பிரிவை மீற முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தம் 182ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு மாற்றம் என்றால் கணக்கு 20,000 ரூபாய்.

இதைப் படித்துவிட்டு, ரப்பர் மிதியடி போட்டாலும் குற்றமோ என்று பயப்பட வேண்டியதில்லை. தரை விரிப்பு, அடிப்பாகத் தகடு, டிக்கியில் இழுப்பறை, கையடக்கக் காற்றடிக்கும் கம்ப்ரசர், மீட்புக் கயிறு போன்றவை வண்டியின் அடிப்படை விவரம் எதையும் தொடுவதில்லை. இருக்கையுறை மட்டும் இதில் ஒரு விதிவிலக்கு. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டியில் சாதாரண உறையை இறுக்கித் தைத்துவிட்டால், ஏர்பேக் விரிய வழியில்லாமல் போகும். வண்டியின் நிறம் ஆர்சியில் பதிவாகியிருப்பதால், முழு வண்டிக்கும் வேறு நிறம் பூசுவதானால் ஆர்டிஓவிடம் சொல்லி அதைச் சான்றில் ஏற்ற வேண்டும். கண்ணாடியின் வழியே ஒளி புகும் அளவு முன்னும் பின்னும் 70 விழுக்காட்டுக்கும், பக்கங்களில் 50 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100.

இரும்பு பம்பர் என்ற புல் பாரில் சட்டமும் பாதுகாப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளில் இவற்றைப் பொருத்துவது 52-ஆம் பிரிவை மீறுவதாகும் என்று மாநிலங்களுக்கு எழுதி, நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வண்டியின் முன்பகுதி மோதலில் மடங்கி நசுங்கும்படியே வடிவமைக்கப்பட்டது. அந்த நசுங்கல்தான் உள்ளே இருப்பவர் மேல் விழும் அடியைக் குறைக்கிறது. சேசிஸோடு நேராக போல்ட் போட்ட இரும்புக் குழாய் அந்த அடியை நசுங்காமல் அப்படியே உள்ளே கடத்தும்; ஏர்பேக் சென்சார் மோதலைப் படிக்கும் விதத்தையும் குழப்பும். குறுக்கே வந்த பாதசாரிக்கோ, பிளாஸ்டிக் பம்பரில் காலோடு போயிருக்கும் அடி இரும்பில் உயிரோடு போகலாம். அப்படி ஒரு மரணம் நேர்ந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வழக்கில் அந்த பம்பரே சாட்சியாக நிற்கக்கூடும். வின்ச் பொருத்தும் பம்பர் நம்பர் பிளேட்டை மறைத்தால் அது தனிக் குற்றம்.

வீட்டிலேயே செய்யும் வேலைகளில் அதிகம் செய்யப்படுவதும் அதிகம் கெட்டுப்போவதும் விளக்கு ஒயரிங். 180 வாட் எல்இடி பார் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் ஒயரில் தோலை உரித்து, முறுக்கி, டேப் சுற்றிக் கொடுக்கும் இணைப்பு இந்தச் சுமைக்கானதில்லை. தனி ஒயர், தனி ரிலே, பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் என்பதுதான் முறை. ஃப்யூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டவுடன் காப்பாற்ற எதுவும் இருக்காது. பேட்டரியின் முழு மின்னோட்டமும் அந்த ஒயர் வழியே பாய்ந்து அதைப் பழுக்கவைக்கும். தகட்டைத் துளைத்து ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் விடுவது இன்னொரு பழக்கம். குண்டுங்குழியுமான பாதையில் சில மாத ஆட்டமே அந்த ஒயரின் தோலை அறுத்துவிடும். சாலையைப் பொறுத்தவரை, வண்டியின் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதை 111-ஆம் விதி தடைசெய்கிறது. விதிவிலக்கான சூழலில் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். உறை மாட்டிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதை அந்த விதியில் காணோம்.

டயரும் லிஃப்ட் கிட்டும் சேர்ந்தே வரும் ஆசைகள். ஜிம்னியின் டயர் 195/80 ஆர்15. விட்டம் ஏறக்குறைய 693 மில்லிமீட்டர். அதற்குப் பதில் பலர் விரும்பும் 235/75 ஆர்15-இன் விட்டம் ஏறக்குறைய 733. வித்தியாசம் கிட்டத்தட்ட 6 விழுக்காடு. பழைய டயரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் முள் எங்கே நின்றதோ, அதே இடத்தில் முள் நிற்கும்போது வண்டி இப்போது ஏறத்தாழ 85-இல் ஓடும். வேகக் கேமராவிடம் இந்த விளக்கம் செல்லாது. எடை கூடிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்குக் கூடுதல் தூரம் வேண்டும். திருப்பும்போது டயர் உள்வளைவில் உரசும். அதே மாடலின் வேறொரு ரகத்துக்குக் கம்பெனியே தரும் அளவைத் தேர்ந்தெடுப்பதுதான் விவாதம் குறைந்த வழி. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதற்காக மலிவான ஸ்பேசர் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஹப்பின் போல்ட்டிலும் பேரிங்கிலும் சுமை கூடுவதைத் தவிர அதனால் நடப்பது பார்வைக்கான மாற்றம் மட்டுமே.

இரண்டு அங்குலம் உயர்த்தினால் வண்டியின் எடை மையமும் உயரும். வளைவில் கவிழும் வாய்ப்பும் கூடும். ஜிம்னிபோல முன்பக்கமும் முழு அச்சு உள்ள வண்டியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வரும் கோணமான காஸ்டர் குறையும். அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் ராடு அச்சை ஒரு பக்கம் இழுக்கும். நெடுஞ்சாலையில் சிறு பள்ளத்தில் விழுந்தவுடன் ஸ்டீயரிங் வெடவெடவென்று அடித்துக்கொள்ளும் கோளாறு பல நேரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரேக் ஹோஸின் நீளம், ஏபிஎஸ் ஒயரின் தளர்வு, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், ஹெட்லைட்டின் குறி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை.

ஸ்நார்கெல் வைத்தால் வண்டி நீந்தும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. கூர்க்காவில் கம்பெனியே ஸ்நார்கெல் பொருத்தித் தருகிறது. அதற்கும் சொல்லப்பட்ட நீரளவு 700 மில்லிமீட்டர்தான். தாருக்கு 650. வீட்டில் பொருத்தும் ஸ்நார்கெலில் ஏர் ஃபில்டர் பெட்டியின் வடிகால் துளையை அடைக்காமல் விட்டாலோ, ஒரு மூட்டு கசிந்தாலோ தண்ணீர் அந்த வழியே எஞ்சினுக்குப் போகும். இதைவிடப் பலர் மறப்பது டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் மூச்சுக் குழாய். சூடாக ஓடிவந்த டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளி நீரை உறிஞ்சும்; பிறகு ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். காற்று வழியை உயர்த்துகிறவர் இந்தக் குழாய்களையும் உயர்த்த வேண்டும். ஆற்றில் இறங்குவதே குற்றமாகவும் ஆகலாம். 2023 டிசம்பரில் இமாச்சலத்தின் லாஹௌலில், நெரிசலைத் தவிர்க்க சந்திரா ஆற்றில் தாரை ஓட்டியவருக்குப் போலீஸ் அபராதம் விதித்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்தால் வனச் சட்டங்கள் பாயும்.

வின்ச்சின் இழுதிறன் வண்டியின் மொத்த எடையைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர்களிடையே புழங்கும் கணக்கு. முழுச் சுமையில் அது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பதால், அதன் கேபிளை வேறெதற்கும் பகிரக்கூடாது. இழுபட்டு நிற்கும் எஃகுக் கம்பி அறுந்தால் அருகில் நிற்பவரின் கதி சொல்ல வேண்டியதில்லை. கம்பியின் மேல் கனமான துணியோ தணிப்பானோ போட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கம்பியின் நீளத்துக்கும் அப்பால் தள்ளி நிற்க வேண்டும். டிரெய்லர் இழுக்கும் குமிழில் மீட்புக் கயிற்றை மாட்டி வெட்டி இழுப்பது கொடிய பழக்கம். குமிழ் பிய்ந்தால் குண்டுபோலப் பாயும். அளவிடப்பட்ட மீட்புக் கொக்கி இல்லாத வண்டியை இழுக்காமல் இருப்பதே மேல்.

சைலன்சரை வெட்டுவது, பல சுர ஹார்ன் வைப்பது, டீசல் வண்டியில் புகை வடிகட்டியைப் பிடுங்குவது ஆகியவற்றைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஒலியும் புகையும் விதியை மீறினால் பிரிவு 190(2)-இன்படி மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் நிற்கும்.

இன்சூரன்ஸில், கம்பெனி விலைப்பட்டியலில் இல்லாத மின் சாதனங்களைத் தனியாக அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்குக் காப்பு உண்டு. வழக்கமாக இது அந்தப் பொருளின் மதிப்பில் 4 விழுக்காடு. 40,000 ரூபாய் வின்ச்சுக்கு ஆண்டுக்கு 1,600 ரூபாய். அறிவிக்காத வின்ச் திருடுபோனால் பணம் வராது. அறிவிக்காத ஒயரிங்கால் தீப்பிடித்தால் மொத்த இழப்பீடே தகராறில் சிக்கலாம். அதேநேரம், பாலிசியில் ஏற்றியதாலேயே சட்டத்துக்குப் புறம்பான பொருள் சட்டபூர்வமாகிவிடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போய்ப் பழுதானால் சாதாரண பாலிசி பொதுவாகப் பணம் தருவதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்ப்பு வேண்டும். பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியின் பயன்பாட்டு வரம்புக்கு வெளியே. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிகளில் சேர்கிறவர்கள் இதை முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது.

வாரன்டியை முழுதாக ரத்துசெய்துவிட்டோம் என்று சர்வீஸ் சென்டர் சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். பொருத்திய பொருளுக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு, வாரன்டிப் புத்தகத்தின் எந்த வரியின்படி மறுப்பு என்று எழுத்தில் கேட்க வேண்டும். விளக்கு பொருத்தியதற்காக கியர்பாக்ஸ் வாரன்டியை மறுப்பதை நுகர்வோர் ஆணையத்தில் கேள்வி கேட்கலாம். ஆனால் ஒயரிங்கை வெட்டியவர் மின்கோளாறுக்கு வாரன்டி கேட்பது கடினம்.

பட்டறை செய்த வேலை கெட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கைகொடுக்கும். பில் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஜிஎஸ்டி இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்ற பேரத்துக்கு இசைந்தவர் கடைசியில் ஆதாரமில்லாமல் நிற்பார். முதலில் எழுத்தில் புகார், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட ஆணையம். தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விலைக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் வாங்கிய பொருளென்றால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். சொந்தக் கையால் பொருத்தியவருக்கு இதில் பாதிதான் கிடைக்கும். பொருளில் குறையிருந்தால் விற்றவரைக் கேட்கலாம்; பொருத்தியதில் குறையென்றால் கேட்க ஆளில்லை. பொருளின் பெட்டி, பில், பொருத்தும்போது எடுத்த படங்கள் ஆகியவற்றை வைத்திருப்பது அதனால்தான் முக்கியம்.

இன்சூரன்ஸ் நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. இழப்பீட்டு வரம்பு 50 லட்சம் ரூபாய். அபராதச் சீட்டு தவறென்று தோன்றினால் கட்டாமல் நீதிமன்றத்தில் எதிர்கொள்ளும் உரிமை உண்டு. ஆர்டிஓ பதிவை நிறுத்திவைத்தால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் 57-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

ஆயத்தமாகவே மாற்றிக் கட்டிய ஜீப்பை வாங்குகிறவருக்கு ஆபத்து வேறு விதமானது. ஹரியானாவின் மண்டி டப்வாலி பழைய ஜீப்புகளைப் புதிதாகக் கட்டுவதற்குப் பெயர்பெற்ற ஊர்; அங்கிருந்து நாடெங்கும் வண்டிகள் போகின்றன. இத்தகைய வண்டியில் ஒரு காலத்து ஆர்சியும், இன்னொரு வண்டியின் எஞ்சினும், புதிதாக அடித்த பாடியும் சேர்ந்திருக்கக்கூடும். பணம் கொடுக்கும் முன் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உலோகத்தில் நேராகப் பார்த்து, ஆர்சியோடும் எம்பரிவாகன் செயலியில் வரும் விவரத்தோடும் ஒப்பிட வேண்டும். எண்கள் ஒத்துவராத வண்டியின் பெயர் மாற்றம் ஆர்டிஓ அலுவலகத்திலேயே நின்றுவிடும். கட்டிக் கொடுத்தவர் அப்போது வேறு மாநிலத்தில் இருப்பார்.