ஊரும் பள்ளியும் – 7: ஊர் மொத்தத்தின் மேல் ஒரு கடமை

புதுச்சேரியின் வடக்கு எல்லையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கோட்டக்குப்பம். 2021இல் நகராட்சி ஆனது. முஸ்லிம்கள் நிறைந்த ஊர். ரமலான் வந்தால், நம் முஸ்லிம் ஊர்கள் எல்லாவற்றையும் போல, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளிகள் வரிசை கட்டும். எந்த மதத்தவரும் வாங்கிப் போகலாம். அண்டாவின் பக்கத்தில் பெரியவர்கள் நிற்பார்கள். வரிசையைப் பார்ப்பதும், நோன்பு திறக்க வருவோருக்கு விரிப்பு போடுவதும் மதரஸாவில் ஓதுகிற பிள்ளைகளின் வேலை. அவர்களில் பலர் அன்று நோன்பு இருப்பார்கள். தன் வயிறு காய்ந்திருக்கும்போது அடுத்தவர் பாத்திரம் நிறைகிறதா என்று பார்ப்பதைவிடப் பெரிய பாடம் எந்தப் பள்ளியில் இருக்கிறது?

இப்படிச் சேவையைப் பழக்க நம் கல்லூரிகளுக்கு நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது 1969இல், காந்தி நூற்றாண்டை ஒட்டி. நல்ல திட்டம். ஆனால் அங்கே சேவைக்கு மணிக்கணக்கு உண்டு, முடிவில் சான்றிதழ் உண்டு. மதரஸாவில் சேவை, தொழுகையோடு சேர்த்துச் சட்டப் பாடமாகவே வருகிறது. ‘ஃபர்ளு கிஃபாயா’ என்ற கடமையை ஆசிரியரான அஸரத் அங்கே சொல்லித் தருவார். ஊரில் ஒரு மைய்யத்து (இறந்தவர் உடல்) விழுந்தால் குளிப்பாட்டி, கஃபன் துணியிட்டு, தொழுது அடக்க வேண்டும். சிலர் செய்துவிட்டால் எல்லோர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊர் மொத்தமும் குற்றவாளி. சேவையை இவ்வளவு கறாராகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. மைய்யத்தைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்கும் பையனுக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

இதன் பலனைத் தமிழ்நாடு கொரோனா காலத்தில் கண்டது. சொந்தபந்தமே நெருங்க அஞ்சிய உடல்களை, தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் மதம் பாராமல் வாங்கி, அவரவர் வழக்கப்படி அடக்கமோ தகனமோ செய்தார்கள். மைய்யத்தைத் தொட அஞ்சாத மனம் சிறுவயதிலேயே பழகியிருந்தால்தான் அது முடியும்.

எனக்கு இரண்டு ஆதங்கங்கள் உண்டு. பொது இடத்துத் தொண்டு பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே போய்ச் சேர்கிறது. பெண்பிள்ளைகளின் உழைப்பு வீட்டு அடுப்படியோடு நின்றுவிடுகிறது. இன்னொன்று, இந்தக் கடமை மஹல்லாவின் (பள்ளிவாசலைச் சார்ந்த குடியிருப்பின்) எல்லையைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பிய பிறகு, மணல் வரத்து நின்று, வடக்கே இருக்கும் கரையைக் கடல் தின்றுவருகிறது. கோட்டக்குப்பத்தை ஒட்டிய சோதனைக்குப்பம், சின்ன முதலியார்சாவடி போன்ற மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்திருக்கின்றன. ஆண்டுதோறும் கரை எவ்வளவு உள்வாங்கியது என்று மதரஸாப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, அளந்து எழுதட்டும். அந்தக் கணக்கை மீனவர்களோடு சேர்ந்து ஆட்சியரிடம் கொண்டுபோகட்டும். அண்டை வீடு கடலில் போகும்போது ஒருவரும் கேட்காவிட்டால் யார் குற்றவாளி என்பதை அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே ஓதியிருக்கிறார்கள்.