4 ஜிபி போட்டும் 3 தான் காட்டுகிறதா?

பாரிட் புந்தாரில் பழைய கணினிக்கு ரேம் கூட்டுவோர் கவனிக்க: 4 ஜிபி போட்டும் திரையில் 3.2 காட்டினால், கடைக்காரர் மேல் பழிபோடாதீர்கள். 32 பிட் விண்டோஸுக்குக் கிடைப்பவை 4,294,967,296 முகவரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். விண்டோஸைத் தபால்காரராக நினைத்தால், அவரிடம் உள்ள வீட்டு எண்கள் அவ்வளவுதான். அவற்றில் ஒரு பங்கைக் கிராஃபிக்ஸ் கார்டு போன்ற கருவிகள் எடுத்துக்கொள்வதால், அந்த அளவு ரேமுக்கு எண்ணே மிஞ்சாது. கணினியின் செயலி (ப்ராசஸர்) தாங்கினால் 64 பிட்டுக்கு மாறுவதே சரியான வழி.

64 பிட்டிலும் குறைகிறதா? முதலில் பயாஸை, அதாவது விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அமைப்புத் திரையை, பாருங்கள். அங்கே முழு அளவு இருந்தால் விண்டோஸ் அமைப்பில் 'அதிகபட்ச நினைவகம்' டிக் ஆகியிருக்கலாம், எடுத்துவிடுங்கள். பயாஸிலேயே குறைந்தால், பெரும்பாலும் தொடர்பு சரியில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் ரேமின் உலோக முனைகள் மங்கும். மின்கம்பியைக் கழற்றி, ரேமை எடுத்து முனைகளைத் துடைத்து, மீண்டும் செருகி 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்துங்கள். வேறு ஸ்லாட்டில் மாற்றிச் செருகியும் பாருங்கள். புது ரேமுக்குப் பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.