பிசின் படத்துக்கு எந்த உப்பு?

வேலம் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, வோட்டர் கலர் குழைத்து, டைகுரோமேட் கரைசல் கலந்து காகிதத்தில் பூசுகிறோம். காய்ந்ததும் நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்துப் பிசின் இறுகி நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றது தண்ணீரில் கழன்றுவிடும். இறுக வைப்பது டைகுரோமேட்தான். அதன் ஒளியுணர்வை 1839இல் ஸ்கொட்லாந்துக்காரர் மங்கோ பொன்டன் அறிவித்தார். அவர் காகிதத்தை நனைத்தது பொட்டாசியம் உப்பில்.

எத்தாளையில் என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, “சேர், அமோனியமா பொட்டாசியமா?” என்றுதான்.

20 பாகை வெப்பத்தில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் அமோனியம் டைகுரோமேட் 35 கிராமளவு கரையும். பொட்டாசியம் 12 கிராமளவோடு நின்றுவிடும். செறிவு கூடினால் படம் சீக்கிரம் இறுகும். வெயில் குறைந்த ஊர்க்காரர் அமோனியத்தைத் தேடுவது நியாயம். கற்பிட்டிப் பக்கம் வெயிலுக்கு என்ன பஞ்சம்? எங்களுக்குப் பொட்டாசியமே தாராளம். செறிவு குறையக் குறைய வெளிச்சமும் நிழலும் நன்றாகப் பிரிந்து வரும். அமோனிய உப்பில் தீப்பொறி பட்டால் தானாகவே எரிந்து பச்சைத் தூளாகப் பொங்கும். அடுப்பெரியும் வீட்டில் அதை வைக்கக் கூடாது. எதைப் பூசினாலும் அன்றைக்கே வெயில் காட்டிவிட வேண்டும். களப்புக் காற்றின் ஈரத்தில் பிசின் இருட்டிலேயே இறுகத் தொடங்கிவிடும்.

இரண்டிலும் இருப்பது அறுவலுக் குரோமியம். புற்றுநோய் தரும், தோலைப் புண்ணாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டெம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இவற்றைப் பயன்படுத்த முடியாது. தமிழ்நாட்டின் இராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை மூடப்பட்டது 1990களில். அது குவித்துவிட்டுப் போன கழிவு அதற்குப் பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

நம்முடைய மணலுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லியதாக மிதக்கிற மழைநீரைத்தான் குடிக்கிறோம், வெங்காயத்துக்கும் இறைக்கிறோம். மணலில் ஊற்றியது நேரே அங்கே இறங்கும். அதனால் படம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து விற்றமின் சி தூள் போடுகிறோம். செம்மஞ்சள் மறைந்து பச்சை தெரிந்தால் குரோமியம் நச்சுக் குறைந்த மூவலு நிலைக்கு வந்துவிட்டது. பிறகு சலவைச் சோடா போட்டால் பச்சை வண்டலாகப் படியும். அதை மூடி போட்ட கானில் சேர்த்து வைக்கிறோம். தூளை நிறுக்கும்போது முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

சின்னப் பிள்ளைகளுக்கு டைகுரோமேட் கொடுப்பதில்லை. 1842இல் ஜோன் ஹெர்ஷல் கண்ட இரும்பு உப்பு நீலப்படம் போதும். பெரியவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கழுவிய தண்ணீரைப் பிடித்துவைக்க வழி செய்யாமல் இந்த உப்பை வாங்காதீர்கள்.