பாலாறு தாண்டி வந்த பாட்டு

மேட்டூரிலிருந்து மைசூருக்குப் பேருந்தில் வரும் நம்மவர்களுக்குப் பாலாற்றுச் சோதனைச்சாவடி நன்றாகத் தெரியும். கொளத்தூரைத் தாண்டினால் காடு. காவிரியோடு பாலாறு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் மாநில எல்லை. அப்புறம் மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால். 1997 வரை இந்தப் பக்கம் மைசூர் மாவட்டம். பிறகு சாமராஜநகர் மாவட்டமாகிவிட்டது. பெயர்ப் பலகையில் எழுத்து மாறும் அந்த இடத்தில்தான், 2008ஆம் ஆண்டு ஒரு கோடை விடுமுறையில், இந்தக் கட்டுரைக்கான விதை விழுந்தது.

ஓட்டுநர் ஒரு பாட்டைப் போட்டார். "மடை திறந்து" என்ற மெட்டு காதில் விழுந்ததுமே நான் தலையாட்ட ஆரம்பித்துவிட்டேன். 'நிழல்கள்' (1980) படம், வாலியின் வரிகள், இளையராஜா இசை, எஸ்.பி.பி. குரல். எங்கள் காலத்துப் பாட்டாயிற்றே! ஆனால் நடுவில் யாரோ படபடவென்று பேச ஆரம்பித்தார்கள். "என்னடா இது, நல்ல பாட்டைக் கெடுத்து வச்சிருக்கான்" என்றேன். பக்கத்தில் இருந்த அக்கா மகன், "மாமா, இது ராப். மலேசியாக்காரங்க பண்ணது" என்று சொல்லிவிட்டு, ஒரு சொல் விடாமல் கூடவே பாடினான். அவனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வரிகளையெல்லாம் நோட்டில் கன்னட எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தான்!

அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் 'வல்லவன்'. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் 'யோகி பி – நட்சத்ரா' என்ற பெயரில் 2006இல் வெளியிட்டது. அதே ஆண்டு அதே பெயரில் சிம்புவின் படமும் வந்ததால், அதற்கும் இதற்கும் தொடர்பு என்று குழம்பியவர்கள் உண்டு. ஒரு தொடர்பும் கிடையாது.

ராப் எங்கே பிறந்தது?

1973இல் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் ஒரு விருந்து. இசைத்தட்டு சுழற்றியவர் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. பாட்டின் நடுவே தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை இரண்டு தட்டுகளை வைத்து மாற்றி மாற்றி நீட்டினார். அதன்மேல் ஆட்கள் தாளத்தோடு பேசினார்கள். அந்தப் பேச்சே பின்னாளில் ராப் ஆயிற்று. 1979இல் உலகெங்கும் விற்ற முதல் பெரிய ராப் பாட்டும் அந்த ஆண்டு வெளிவந்த வேறொரு பாட்டின் இசைமேல் கட்டியதுதான். ஆகவே யோகி பி செய்தது கெடுப்பு அல்ல. அக்கலையின் இலக்கணமே அது.

எப்படி உருவானது, ஏன் ஓடியது?

'வல்லவன்' ஒரே நாளில் முளைத்ததல்ல. யோகி பி அதற்கு முன் 'பொயட்டிக் அம்மோ' என்ற மலேசியக் குழுவில் இருந்தார். 1998இல் வந்த அக்குழுவின் முதல் ஆல்பத்தில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என நான்கு மொழிகள் ஒலித்தன. அங்கே தமிழ் ஒரு ஓரத்தில் இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் தமிழை நடுவீட்டில் உட்கார வைத்தார்.

அது வெற்றி பெற்றதற்கு நான் மூன்று காரணங்களைக் காண்கிறேன்.

ஒன்று, பழைய மெட்டு. அப்பாவுக்குத் தெரிந்த பல்லவி, பிள்ளைக்குப் பிடித்த தாளம். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறைக்கும் ஒரு பாட்டு. 'நிழல்கள்' படத்தில் அதைப் பாடுவது வாய்ப்புத் தேடும் ஒரு இசைக் கலைஞன். புதிதாகக் களம் இறங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது?

இரண்டு, தமிழ் அறிந்த கேட்பவர்கள். ரப்பர் தோட்டங்களுக்குப் போன நம் மக்கள் கோயிலோடு பள்ளிக்கூடத்தையும் கட்டினார்கள். மலேசியாவில் இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. சொல் புரிந்தால்தானே ராப்பில் சுவை!

மூன்று, யாப்பு. ராப்பின் உயிர் ஓசை ஒப்புமை. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் வரி முடிவில் வரும். நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். தமிழில் இயைபு எளிது: வந்தான், நின்றான், சென்றான் என்று வினைமுற்றே கொடுத்துவிடும். எளிதில் கிடைப்பதால் அதில் சுவை குறைவு. கட்டு–தட்டு என்று இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும், கடல்–கனவு என்று முதலெழுத்து ஒன்றும் மோனையும் வரிக்குள்ளேயே ஓடும்போதுதான் நான்கு தட்டுத் தாளத்தில் சொல் குதிக்கிறது. திருப்புகழின் சந்தத்தில் பழகிய காதுக்கு இது அந்நியமா என்ன?

சினிமாவில் 'காதலன்' (1994) படத்திலேயே 'பேட்டை ராப்' வந்ததுதான். ஆனால் படத்தின் துணை இல்லாமல், பாடுபவனே எழுதி, ஆல்பமாகவே நின்று ஜெயித்தது வேறு. அதன் பிறகு சினிமாவே தேடி வந்தது: 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'காலா' (2018) என்று யோகி பியின் குரல் படங்களில் ஒலித்தது. கோவை இளைஞர்களின் 'ஹிப்ஹாப் தமிழா' 2012இல் தங்கள் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தது. 'காலா'வில் தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் பாடினார்கள். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டில் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் கதையை உலகுக்குச் சொன்னார். ஜமைக்கா, மலேசியா, தாராவி, இலங்கை என்று கவனியுங்கள்: இக்கலையின் வழித்தடம் நெடுகப் புலம்பெயர்ந்தவர்களின் காலடிதான்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2009 பொங்கல் விழாவில் பாட அனுமதி கேட்டு அக்கா மகன் பெயர் கொடுத்தான். தானே எழுதிய பாட்டு, கன்னட எழுத்தில். நிகழ்ச்சிப் பட்டியல் என் கையில் இருந்தது. "இதெல்லாம் நம்ம பண்பாடாடா?" என்று அடித்துவிட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி மாமா" என்றான், அவ்வளவுதான். அதற்கப்புறம் விழாவுக்கு வரவே இல்லை. இன்று பெங்களூரில் இருக்கிறான். அவன் மகளுக்குத் தமிழில் நாலு வார்த்தைகூட வராது.

தங்கவயலிலும் குடகுத் தோட்டங்களிலும் நம் முன்னோர் மொழியைக் காத்தது புத்தகத்தால் மட்டுமல்ல. கூத்தாலும் தெம்மாங்காலும் பஜனையாலும்தான். எழுத்து தெரியாத பிள்ளையின் நாக்கில் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டவைத்தது ஒரு ராப் பாட்டு. நான் அதைத் தட்டிவிட்டேன்.

அடுத்த விழாவில் பத்து நிமிடம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கன்னட எழுத்தில் எழுதி வந்தாலும் பரவாயில்லை, பாடட்டும். பாடி முடித்த பிறகு, அதே வரிகளைத் தமிழில் எழுதிக் காட்ட நான் வருகிறேன்.