தலைக்குள் ஓயாத சத்தம்! கண்ணில் சிவப்பு!

ஏற்காடு மலையில் உள்ள ஊர் கொட்டச்சேடு. அந்த மலை முழுவதும் காப்பித் தோட்டங்கள். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்கும். மிளகு பறிக்க ஏணி வைத்து உயரத்தில் ஏறவேண்டும். கால் தவறினால் மண்டையில் அடி! மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கினாலும் அதே கதிதான்.

அடிபட்டவர் பிழைத்து எழுந்துவிடுகிறார். காயமும் ஆறிவிடுகிறது. ஆனால் சிலருக்கு, சில நாளோ சில வாரமோ கழித்து, ஒரு கண் சிவக்கிறது. இமை வீங்குகிறது. விழி முன்னால் தள்ளுகிறது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. இரவில் படுத்தால், தலைக்குள் "உஸ்... உஸ்..." என்று நாடித் துடிப்போடு சேர்ந்து ஒரு சத்தம்!

"மெட்ராஸ் ஐ" என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுகிறார்கள். சத்தம் கேட்கிறது என்று சொன்னால், மந்திரிக்க அழைத்துப் போவாரும் உண்டு. பாவம், அவர் என்ன செய்வார்! கோளாறு இருப்பது கண்ணுக்குப் பின்னால்.

வடிகாலில் பாயும் வெள்ளம்

இருதயம் தள்ளும் ரத்தம் தமனி வழியே வேகமாகப் போகிறது. சிரை வழியே மெதுவாகத் திரும்புகிறது. நடுவில் உள்ள நுண்ணிய குழாய்கள் வேகத்தைத் தணிக்கின்றன.

மூளைக்குப் போகும் பெரிய தமனி ஒன்று, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிரைக் குகைக்குள் புகுந்து செல்கிறது. அங்கே தமனி கிழிந்தால், வேக ரத்தம் நேரே சிரைக்குள் பாயும். பம்புசெட் தண்ணீரை வடிகாலில் திருப்பிவிட்டதுபோல! கண்ணிலிருந்து வடியவேண்டிய ரத்தம் வடியாமல் எதிர்த்து வரும். காலம் கடத்தினால் பார்வையே போய்விடலாம்.

அடிபடாமலே, நடுவயதைத் தாண்டிய பெண்களுக்கு இங்கே சிறு கசிவு ஏற்படுவதும் உண்டு. அவற்றில் சில தாமாகவே மூடிக்கொள்ளும். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும்.

இமைமேல் ஸ்டெதாஸ்கோப்

மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், பலரிடம் அந்த "உஸ்" டாக்டர் காதிலும் விழும்! பிறகு ஸ்கேன். ஓட்டை இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவது ஆஞ்சியோகிராம். ரத்தக் குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் இந்த முறையை 1927ல் மூளைக்குக் கொண்டுவந்தவர் போர்ச்சுகல் டாக்டர் ஏகாஸ் மோனிஸ்.

1809ல் லண்டன் டாக்டர் பெஞ்சமின் டிராவர்ஸ் ஒரு பெண்ணின் கழுத்துத் தமனியையே கட்டி இந்த நோயைத் தீர்த்தார். துணிச்சல்தான்! ஆனால் மூளைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துவது ஆபத்தான வேலை. 1970களில் மாஸ்கோ டாக்டர் செர்பினென்கோ, குழாய்க்குள் குட்டி பலூனை அனுப்பி ஓட்டையை அடைத்தார். இன்று பெரும்பாலும் தொடையில் ஊசித் துளையிட்டு, மெல்லிய குழாயைத் தலைவரை செலுத்தி, பிளாட்டினம் கம்பிச் சுருளால் அடைக்கிறார்கள். மண்டையைத் திறப்பதில்லை.

தமிழ்நாட்டில் மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, 1949ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியாலும், 1950ல் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. ராமமூர்த்தியாலும் தொடங்கப்பட்டது. ஏற்காட்டுக்காரர்கள் முதலில் மலை இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். கண்ணைக் காட்டும்போதே, முன்பு மண்டையில் அடிபட்டதையும், தலைக்குள் கேட்கும் சத்தத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஓட்டை முழுதும் அடைபட்டதும் சத்தம் நின்றுவிடும். கண் சிவப்பும் வீக்கமும் வடியச் சில நாள் பிடிக்கும்.