வெற்று நிலத்தில் முகாமிடல் (ஐக்கிய அமெரிக்கா)

வெற்று நிலத்தில் முகாமிடல் என்பது, சாலை, குடிநீர், மின்சாரம், கழிவுநீர் அகற்றல் முதலிய வசதிகள் இல்லாத நாட்டுப்புற நிலத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, அங்கே டிரெய்லர் எனப்படும் இழுவை வண்டியை நிறுத்தித் தங்குவதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவில், குறிப்பாக அதன் மேற்கு, தென்மேற்கு மாநிலங்களில் இவ்வழக்கம் காணப்படுகின்றது. விடுமுறையில் மட்டும் தங்குவோரும், வாடகைச் சுமையிலிருந்து விடுபட்டு நிலையாக வாழ விரும்புவோரும் இவ்வாறான நிலங்களை வாங்குகின்றனர். எனினும், நிலத்தின் உரிமையும் அந்நிலத்தில் தங்கும் உரிமையும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டை அறியாமல் நிலம் வாங்குவோர் பணத்தை இழக்க நேரிடுகின்றது.

வரலாறு

1862 ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம், ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலத்தை வழங்க வழிசெய்தது. அலாஸ்கா தவிர்ந்த பகுதிகளில் இச்சட்டம் 1976 இல் நீக்கப்பட்டது; அலாஸ்காவில் 1986 வரை நீடித்தது. எனவே இன்று இச்சட்டத்தின் கீழ் எவரும் நிலம் பெற இயலாது.

இன்று மலிவாகக் கிடைக்கும் மனைகளில் பல, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெரிய பண்ணைகளையும் பாலைநிலங்களையும் கூறுபோட்டதால் உருவானவை. கலிபோர்னியாவின் மொகாவி பாலைவனத்தில் நாட் மெண்டெல்சன் என்பவர் 1958 இல் தொடங்கிய கலிபோர்னியா சிட்டி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். பரப்பளவில் அம்மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரமான இதன் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 15,000 மட்டுமே. நகரின் பெரும்பகுதியில் தெருக்கள் உள்ளன, வீடுகள் இல்லை. கொலராடோ மாநிலத்தின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், பதிப்பாளர் மால்கம் போர்ப்ஸ் 1969 இல் வாங்கிய டிரிஞ்செரா பண்ணையின் ஒரு பகுதியும் சிறு மனைகளாக விற்கப்பட்டது.

இக்காலத்தில் பலர் நிலத்தை நேரில் காணாமலே விளம்பரத்தை நம்பி வாங்கினர். இதனால் எழுந்த முறைகேடுகளைக் கட்டுப்படுத்த, மாநிலங்களுக்கிடையிலான நில விற்பனைத் தகவல் வெளியீட்டுச் சட்டம் 1968 இல் இயற்றப்பட்டது. பெருமளவில் மனை விற்போர், நிலத்தின் உண்மை நிலையை விளக்கும் அறிக்கையை வாங்குவோருக்கு அளிக்க வேண்டும் என்பது இதன் நோக்கம்.

உரிமையும் பத்திரமும்

விற்பனைப் பத்திரங்கள் பலவகைப்படும். உத்தரவாதப் பத்திரத்தில் விற்பவர் தமது உரிமைக்குப் பொறுப்பேற்கிறார். உரிமைவிடுப்புப் பத்திரத்திலோ, தமக்கு உரிமை ஏதேனும் இருப்பின் அதை மட்டும் விட்டுக்கொடுக்கிறார். உரிமை இல்லையெனில் வாங்கியவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. தவணை முறையில் வாங்கும்போது, முழுத்தொகை செலுத்தும் வரை பத்திரம் பெரும்பாலும் விற்பவர் பெயரிலேயே இருக்கும். தவணை தவறினால் செலுத்திய பணமும் நிலமும் பறிபோகக்கூடும்.

நிலத்துக்குச் செல்லும் வழியும் முக்கியமானது. நாற்புறமும் பிறர் நிலம் சூழ்ந்த மனைக்கு, பதிவு செய்யப்பட்ட வழிநடைப் பாத்தியம் இல்லாவிட்டால் வண்டியைக் கொண்டு செல்ல இயலாது. வரைபடத்தில் காட்டப்படும் சாலை தரையில் இல்லாதிருப்பதும் உண்டு.

ஆண்டுதோறும் சொத்து வரி செலுத்த வேண்டும். நிலுவை நீடித்தால் நிலம் பறிமுதலாகலாம். அவ்வாறு பறிமுதலாகும் சொத்தில், வரிக்கடனுக்கு மேற்பட்ட மதிப்பை அரசு தானே வைத்துக்கொள்ள முடியாது என்று 2023 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தங்குவதற்கான விதிகள்

நிலப் பயன்பாட்டு விதிகளைப் பெரும்பாலும் கவுண்டி (மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவு) வகுக்கின்றது. சில கவுண்டிகள் சொந்த நிலத்திலும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாட்களே முகாமிட அனுமதிக்கின்றன. சில, அனுமதிச்சீட்டு கோருகின்றன. சில, வீடு கட்டும் காலத்தில் மட்டுமே டிரெய்லரில் வாழ இடமளிக்கின்றன. மனை உரிமையாளர் சங்கங்களின் கட்டுப்பாடுகள் இவற்றிலும் கடுமையாக இருக்கக்கூடும்.

கொலராடோவின் கொஸ்டிலா கவுண்டியில், நிலப் பயன்பாட்டு விதிகள் தொடர்பில் மின்வழங்கல் இன்றி வெற்று நிலத்தில் வாழ்ந்தோருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே 2015 இல் பிணக்கு ஏற்பட்டது. கழிவுநீர்த் தொட்டி அமைக்கவேண்டும் என்ற விதி இதில் முதன்மையானது. அத்தகைய தொட்டியை அமைக்க, நிலத்தின் விலையை விடக் கூடுதலாகச் செலவாகக்கூடும். இப்பள்ளத்தாக்கில் வாழ்வோரைப் பற்றி டெட் கொனோவர் எழுதிய 'சீப் லேண்ட் கொலராடோ' என்னும் நூல் 2022 இல் வெளியானது.

நீரும் கழிவும்

கொலராடோவில் நிலத்தை வாங்குவதால் மட்டும் நீருரிமை கிடைத்துவிடாது. 35 ஏக்கருக்குக் குறைந்த மனையில் கிணறு தோண்ட அனுமதி கிடைத்தாலும், பொதுவாக அந்நீரை வீட்டினுள் மட்டுமே பயன்படுத்தலாம். தோட்டத்துக்கோ கால்நடைக்கோ பயன்படுத்த இயலாது. கூரையில் விழும் மழைநீரை இரு பீப்பாய்களில், மொத்தம் 110 கேலன் (சுமார் 416 லீட்டர்) வரை சேமிப்பதற்கும் 2016 இல்தான் சட்டம் இடமளித்தது.

ஆகவே பலர் நீரை வண்டியில் கொண்டு செல்கின்றனர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 லீட்டர் எனக் கொண்டால், இருவர் பத்து நாட்கள் தங்க 400 லீட்டர் தேவை. இதன் எடை 400 கிலோகிராம் ஆகும். கழிப்பறைக் கழிவு டிரெய்லரின் தனித்தொட்டியில் சேர்கின்றது. அதை நிலத்தில் கொட்டுவது சட்டவிரோதமாகும். உரிய வெளியேற்று நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தட்பவெப்பம்

சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள அலமோசா நகரில் ஆண்டு மழைப்பொழிவு 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை -30 பாகை செல்சியசுக்கும் கீழே செல்வதுண்டு. அப்போது டிரெய்லரின் நீர்க்குழாய்கள் உறைந்து வெடிக்கக்கூடும். கோடையில் மட்டும் நிலத்தைப் பார்த்தவர்கள் இதனை அறிவதில்லை.

மாற்று வழி

சில வாரங்கள் மட்டும் தங்க விரும்புவோர் நிலம் வாங்க வேண்டிய தேவையில்லை. கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் சுமார் 245 மில்லியன் ஏக்கர் நிலத்தை நிர்வகிக்கின்றது. இதன் பல பகுதிகளில், பொதுவாக 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை கட்டணமின்றி முகாமிடலாம். வாங்க எண்ணும் மனைக்கு அருகிலுள்ள இத்தகைய நிலத்தில் வெவ்வேறு பருவங்களில் தங்கிப் பார்த்தால், அவ்விடத்தின் காற்று, குளிர், பாதை, நீர் ஆகியவற்றின் நிலையைப் பணம் செலுத்துவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

சான் லூயிஸ் பள்ளத்தாக்கு
ஹோம்ஸ்டெட் சட்டம்
நீருரிமை